புரொப்பல்லரில் விழுந்த குழி, ஓப்பன்ஃபோமில் பிடித்த ஆவி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகளை மராமத்துக்குக் கரையேற்றுவது அந்த இடைவெளியில்தான். சித்தப்பா படகும் ஏறியது. ஐம்பது அடி மரப்படகு, 120 குதிரைத்திறன் டீசல் இன்ஜின், மூன்றுக்கு ஒன்று கியர், பின்னால் 36 அங்குல விட்டத்தில் மூன்று பிளேடு புரொப்பல்லர். பிளேடுகளின் முதுகில், அதாவது படகின் முன்பக்கத்தைப் பார்த்திருக்கும் முகத்தில், மூன்றிலும் ஏறத்தாழ ஒரே இடத்தில் குழி விழுந்திருந்தது. ஓரத்தில் இல்லை, நடுவிலும் இல்லை. நுனிக்குச் சற்று உள்ளே, பின் விளிம்பை ஒட்டிய பகுதியில் உள்ளங்கை அளவுக்குக் கறையான் அரித்த பலகை மாதிரி பொரிந்து கிடந்தது. மற்ற இடமெல்லாம் வழவழவென்றே இருந்தது.

"உப்பு தின்னுருச்சுடா. எல்லாப் படகுலயும் இதே கததான்," என்றார் சித்தப்பா. பட்டறைக்காரர் வெல்டு வைத்துத் தேய்த்துத் தந்துவிடுவதாகச் சொன்னார். போன வருடமும் அப்படித்தான் வைத்தார். அதே இடத்தில் மறுபடி விழுந்திருக்கிறது. உப்பு தின்றால் பொதுவாகத் தின்னும். ஒரே இடத்தை வருடா வருடம் தேடி வந்து தின்ன அதற்கு ஏது கண்?

முதலில் அரிப்பா இல்லையா என்று பிரிக்க வேண்டியிருந்தது. நம் படகுகளில் பரவலாக ஓடுவது மாங்கனீசு வெண்கலம். பெயர்தான் வெண்கலம், உள்ளே இருப்பது செம்பும் துத்தநாகமும், அதாவது ஒரு வகைப் பித்தளை. கடல்நீரில் மின்வேதி அரிப்பு வந்தால் துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் மிஞ்சும், அந்த இடம் இளஞ்சிவப்பாகத் தெரியும். கத்தி நுனியால் சுரண்டினால் பொடிப்பொடியாக வரும். இங்கே குழிக்குள் பளபளப்பான மஞ்சள்தான் தெரிந்தது, சுரண்டினால் கத்திதான் வழுக்கியது. மற்ற உலோகத்துக்குப் பதில் தான் கரையட்டும் என்று சுக்கானில் கட்டியிருந்த துத்தநாகக் கட்டியும் பாதிக்கு மேல் மிச்சம். ஆக, உப்பு குற்றவாளி இல்லை. உலோகத்தை யாரோ அடித்திருக்கிறார்கள். அடித்தது ஆவிக்குமிழி, அதாவது கேவிடேஷன்.

தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சூடுதான் வேண்டும் என்பதில்லை, அழுத்தத்தைக் குறைத்தாலும் கொதிக்கும். 30 டிகிரி செல்சியசில் நல்ல தண்ணீரின் ஆவியழுத்தம் 4.25 கிலோபாஸ்கல். கடல்நீருக்கு உப்பினால் இரண்டு சதவீதம் போலக் குறையும். நான் 4.2 வைத்துக்கொண்டேன். சுழலும் பிளேடின் முதுகில் அழுத்தம் அதற்குக் கீழே போனால் அங்கே ஆவி பிறக்கும். அழுத்தம் கூடிய இடத்துக்கு அந்த ஆவி அடித்துச் செல்லப்பட்டதும் நொறுங்கும். நொறுங்குவதுதான் அடி. ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நம் ஆழத்தில் நொறுங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ரேலி 1917இல் தந்த சூத்திரத்தில் போட்டால் 0.09 மில்லி விநாடி வருகிறது. இந்த எண்ணுக்கு மறுபடி வருவேன்.

புதிய பிரச்சினை ஒன்றுமில்லை. 1890களில் சார்ல்ஸ் பார்சன்ஸ் டர்பைன் பூட்டி ஓட்டிய டர்பினியா படகு எதிர்பார்த்த வேகத்தைத் தொடவில்லை. புரொப்பல்லர் தண்ணீரை விட்டுவிட்டு ஆவியைக் கடைந்துகொண்டிருந்தது. அவர் 1895இல் சின்னதாக ஒரு நீர்ச்சுரங்கம் செய்து, தண்ணீரைக் கொதிநிலைக்குப் பக்கத்தில் சூடேற்றி, குமிழி பிறப்பதைக் கண்ணால் பார்த்தார். பிறகு மூன்று தண்டு, தண்டுக்கு மூன்று புரொப்பல்லர் என்று ஒன்பதாகப் பிரித்துப் போட்ட பின்தான் படகு பறந்தது. நம்மிடம் நீர்ச்சுரங்கம் இல்லை. பதினாறு கோர் கணினி ஒன்றும், நீரோட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டும் காசில்லாத ஓப்பன்ஃபோம் மென்பொருளும் இருந்தன.

கணினிக்கு முன்னால் கணக்குப் பார்த்துவிடுவது நல்லது. இன்ஜின் 1800 சுற்றில் ஓடினால் தண்டு நிமிடத்துக்கு 600, விநாடிக்கு 10 சுற்று. நுனியின் வேகம் விநாடிக்கு 28.7 மீட்டர், அதாவது மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டுகிறது. தண்டின் நடு, நீர்மட்டத்துக்கு 1.2 மீட்டர் கீழே. அங்கே வளிமண்டலமும் தண்ணீர்ப் பாரமும் சேர்ந்து 113 கிலோபாஸ்கல். இதில் ஆவியழுத்தத்தைக் கழித்து, ஓட்டத்தின் இயக்க அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது கேவிடேஷன் எண். ஆரத்தில் 70 சதவீதத்தில் அது 0.52. பிளேடு நேர் மேலே வரும்போது நுனியில் 0.25. முதுகில் உறிஞ்சும் அழுத்தத்தையும் அதே இயக்க அழுத்தத்தால் வகுத்தால் வருவது அழுத்தக் குணகம். அது இந்த எண்ணைத் தாண்டினால் ஆவி பிறக்கும். சாதாரண பிளேடு வெட்டுமுகத்துக்கு 0.25 என்பது வெகு எளிதாகத் தாண்டக்கூடிய வேலி. ஆவி வருமா என்று கேட்பதில் பொருளே இல்லை. எங்கே வருகிறது, எங்கே சாகிறது என்பதுதான் கேள்வி.

அடுத்தது அளவெடுப்பு. பட்டறையில் இந்தப் புரொப்பல்லருக்கு வரைபடம் எதுவும் கிடையாது, "36க்கு 25" என்று வாய்வழிக் கணக்குத்தான். 36 அங்குலம் விட்டம், 25 அங்குலம் பிட்ச், அதாவது திருகாணி போல ஒரு முழுச் சுற்றுக்குப் பிளேடு ஏறும் தூரம். சமதளமான சிமெண்டுத் தரையில் முதுகு கீழே இருக்கும்படி புரொப்பல்லரைப் படுக்க வைத்தோம். அச்சுத் துளையில் ஒரு கட்டை செருகி, அதிலிருந்து கிடைமட்டமாக ஒரு அலுமினியச் சட்டம், சட்டத்தில் நகரும் ஒரு ஊசி. 320 மில்லிமீட்டர் ஆரத்தில் ஊசியை நிறுத்தி, பிளேடின் மேலே தெரியும் முகத்தில் ஒரு புள்ளியின் உயரத்தை அளந்து, 40 டிகிரி திருப்பி மறுபடி அளந்தோம். வித்தியாசம் 71 மில்லிமீட்டர். 360ஐ 40ஆல் வகுத்தால் ஒன்பது. 71ஐ ஒன்பதால் பெருக்கினால் 639 மில்லிமீட்டர், 25 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். வாய்வழிக் கணக்கு சரிதான். இரண்டாவது பிளேடும் அதே. மூன்றாவதில் ஊசி 76 மில்லிமீட்டர் காட்டியது. 684 மில்லிமீட்டர், 27 அங்குலம்!

சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது பாறைல அடிச்சு மடங்குன பிளேடுடா. நிமித்திக் குடுத்தாங்க," என்றார். நிமிர்த்தியவர் கண் மதிப்பில் நிமிர்த்தியிருக்கிறார். குழி மூன்றிலும் இருந்தாலும் இந்தப் பிளேடில்தான் மிக ஆழம். கணினியைத் திறக்காமலே பாதிக் கதை தெரிந்துவிட்டது போல இருந்தது. மீதிப் பாதிதான் கையைக் கடித்தது.

தடிமனை வெர்னியரில் எடுத்து, ஏழு ஆரங்களில் வெட்டுமுகம் வரைந்து, ஃப்ரீகேட் வரைபட மென்பொருளில் பிளேடாகக் கோத்தேன். முன் விளிம்பின் வளைவுதான் உயிர். அதன் ஆரம் ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருந்தது. அதைத் தட்டையாக வரைந்தால் கணினி இல்லாத ஆவியைக் காட்டும், கொழுக்க வரைந்தால் இருக்கிற ஆவியை மறைக்கும். மெழுகைச் சூடாக்கி விளிம்பில் அழுத்தி அச்செடுத்து, அதை அறுத்துப் படம் பிடித்து அளந்தேன். இதற்கு மேல் துல்லியம் வேண்டுமானால் ஸ்கேனர் வாங்க வேண்டும், அது புரொப்பல்லர் விலையைத் தாண்டும்.

முப்பரிமாணத்தில் குதிக்கும் முன்னால் இருபரிமாணத்தில் ஒரு சோதனை. நாகா 66 வகை இறக்கை வெட்டுமுகம், 4 டிகிரி சாய்வு. ஷென், டிமோடாக்கிஸ் இருவரும் 1989இல் வெளியிட்ட அழுத்த அளவீடுகள் இதற்கு இருக்கின்றன. கேவிடேஷன் எண் 1.0, 0.91, 0.84 என்று குறையக் குறைய, முதுகை மூடிக்கிடக்கும் ஆவித்தகடு நீள்வதை அதில் பார்க்கலாம். சால்வர், அதாவது சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல், இன்டர்ஃபேஸ்சேஞ்ச்ஃபோம். ஆவியாக்கத்துக்கு ஷ்னெர்-சாவர் மாதிரி. இந்த மாதிரியில் தண்ணீருக்குள் கன மீட்டருக்கு இத்தனை நுண்கரு (குமிழி முளைக்கும் புள்ளி) என்று முதலிலேயே எண்ணிக்கை வைத்துவிடுவார்கள். கணக்குக்காகத் தண்ணீரைக் கூறுபோட்ட ஒவ்வொரு சின்னக் கட்டத்திலும், அதாவது செல்லிலும், ஆவியின் பங்கைப் பார்த்துக் குமிழியின் ஆரம் கணக்காகும். அழுத்தம் ஆவியழுத்தத்துக்குக் கீழே எவ்வளவு போயிருக்கிறதோ அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குமிழி வளரும், மேலே போனால் சுருங்கும். மென்பொருளோடு வரும் உதாரணத்தில் நுண்கரு எண்ணிக்கை 1.6 பெருக்கல் பத்தின் 13ஆம் அடுக்கு, கரு விட்டம் 2 மைக்ரான், ஆவியழுத்தம் 2300 பாஸ்கல் என்று இருக்கும். அந்த 2300 ஐரோப்பாவின் 20 டிகிரித் தண்ணீருக்கு. மே மாத மண்டபத்துக் கடலுக்கு அதை அப்படியே விட்டால் ஆவி குறைத்துக் காட்டப்படும். 4200 ஆக்குங்கள். ஆவியின் அடர்த்தியையும் கூடவே கன மீட்டருக்கு 0.03 கிலோவாக்குங்கள்.

இந்த சால்வரில் முதல் தடவை கை வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆவியழுத்தம் முழு அழுத்தக் கணக்கில் இருக்கிறது. எல்லையில் வழக்கம்போல அழுத்தம் பூஜ்யம் என்று வைத்தால், கணினியின் பார்வையில் கடல் முழுக்க ஆவியழுத்தத்துக்குக் கீழே இருக்கிறது. முதல் காலப்படியிலேயே பாக் விரிகுடா மொத்தமும் ஆவியாகிப் போகும். வெளியேறும் எல்லையில் 113 கிலோபாஸ்கல் என்று முழுசாக எழுத வேண்டும்.

இருபரிமாணச் சோதனையில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஆவித்தகடு இருக்கும் நீளம் முழுக்க, முதுகின் அழுத்தக் குணகம் கேவிடேஷன் எண்ணுக்குச் சமமாக, எதிர்க்குறியோடு, ஒரே மட்டமாகத் தட்டையாக ஓட வேண்டும். ஓடியது. தகடு முடிகிற இடத்தில் சட்டென்று ஏறவும் செய்தது. ஆனால் தகடு அசையாமல் பசை போட்டு ஒட்டியது போல நின்றது. நிஜத்தில் தகடின் வாலடியில் தண்ணீர் பின்னோக்கிப் புகுந்து தகடை அடியோடு பெயர்த்து, மேகமாக உருட்டிவிடும். அந்த மேகம்தான் உலோகத்தை அதிகம் அடிப்பது.

கோளாறு கொந்தளிப்பு மாதிரியில், அதாவது நீரின் சிறு சுழிகளைத் தோராயமாகக் கணக்கிடும் பகுதியில். கே-ஒமேகா எஸ்எஸ்டி மாதிரி, ஆவியும் நீரும் கலந்த இடத்தில் கொந்தளிப்புப் பாகுமையை மிகையாகக் கணக்கிடுகிறது. பின்னோக்கிப் புகும் மெல்லிய தாரை அந்தப் பாகில் சிக்கி நின்றுவிடும். இதற்கு ரெபூ 1998இல் சொன்ன திருத்தம் இருக்கிறது. பாகுமையைக் கலவையின் அடர்த்தியால் நேராகப் பெருக்காமல், பத்தாம் அடுக்கு வைத்த ஒரு சார்பால் பெருக்கினால், கலவைப் பகுதியில் மட்டும் பாகுமை சரிந்துவிடும். இயற்பியல் அடிப்படை பலமானது என்று சொல்லமாட்டேன், ஒட்டுத்தையல்தான். ஆனால் ஒட்டுப் போட்டதும் தகடு மூச்சு விடத் தொடங்கியது. வளர்ந்து, வாலில் அறுந்து, மேகம் உருண்டு போய், மறுபடி வளர்ந்தது. அறுபடும் அதிர்வெண்ணைத் தகடின் நீளத்தால் பெருக்கி வேகத்தால் வகுத்தால் 0.3க்கு அருகே வந்தது. ஆய்வகங்களில் கிடைக்கும் வழக்கமான எண்ணும் அதுதான். முப்பரிமாணத்துக்குப் போகலாம் என்ற தைரியம் அப்போதுதான் வந்தது.

புரொப்பல்லரை மட்டும் திறந்த நீரில் வைத்து ஓட்டுவது சுலபம். மூன்றில் ஒரு துண்டு, 120 டிகிரி, சுழல் சமச்சீர் எல்லை, பதினைந்து லட்சம் செல். கேவிடேஷனை அணைத்துவிட்டு உந்துவிசையை ஹாலந்தின் வாகெனிங்கன் பி வரிசை என்ற, சோதித்து வெளியிட்ட புரொப்பல்லர் வரிசையின் வளைகோடுகளோடு ஒப்பிட்டேன். மூன்று பிளேடு, 50 சதவீதப் பரப்பு, பிட்ச் விகிதம் 0.7. உந்துவிசை 3 சதவீதத்துக்குள் வந்தது. முறுக்குவிசை 6 சதவீதம் கூடுதல். நம் பிளேடு அந்த வரிசையின் அச்சு அசல் இல்லை என்பதால் இதற்கு மேல் ஒத்துப்போனால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் சீரான ஓட்டத்தில் கேவிடேஷனை இயக்கினால், ஆவித்தகடு சுற்றிலும் ஒரே அளவில் நிற்கிறது. எங்கேயும் நொறுங்கவில்லை. குழிக்குக் காரணம் கிடைக்கவில்லை. விடை புரொப்பல்லரில் இல்லை, அதற்கு முன்னால் நிற்கும் மரத்தில் இருக்கிறது.

படகின் பின்கட்டை எட்டு அங்குல கனம். தண்டு ஓடும் குழாயான ஸ்டெர்ன் டியூப் அதன் வழியாகத்தான் வெளியே வருகிறது. கட்டையின் பின்முகம் செங்கல் போல நேராக வெட்டிவிடப்பட்டது. புரொப்பல்லர் அதிலிருந்து நாலு விரல் தள்ளிச் சுற்றுகிறது. அந்தச் சதுர முகத்துக்குப் பின்னால் தண்ணீர் கிட்டத்தட்டச் செத்துக் கிடக்கும். படகின் பின்பாதியை டேப் வைத்து அளந்து, புரொப்பல்லர் இல்லாமல், ஆவி இல்லாமல், எட்டு நாட் (மணிக்கு எட்டு கடல்மைல்) வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். புரொப்பல்லர் தளத்தில் சராசரி நீர்வேகம் விநாடிக்கு 3.1 மீட்டர். கட்டைக்கு நேர் பின்னால், பன்னிரண்டு மணி நிலையில், 1.2 மீட்டர்.

இந்த வித்தியாசம் பிளேடுக்கு என்ன செய்கிறது? ஆரத்தின் 70 சதவீதத்தில் பிளேடின் கோணம் 17.6 டிகிரி. நீர் 3.1 மீட்டர் வேகத்தில் வந்தால் அது வந்து சேரும் கோணம் 8.8 டிகிரி. 1.2 மீட்டரில் வந்தால் 3.4. ஆக, மேலே வரும் ஒவ்வொரு தடவையும் பிளேடின் தாக்குகோணம் ஐந்து டிகிரிக்கு மேல் திடீரென்று எகிறி, அடுத்த கணமே இறங்குகிறது. ஆழமும் அங்கேதான் மிகக் குறைவு. நிமிர்த்திய பிளேடுக்கு இதற்கு மேல் இன்னொரு 1.2 டிகிரி தண்டனை. விநாடிக்குப் பத்துத் தடவை.

இனி முழு வேலை. மூன்று பிளேடும் நிஜமாகச் சுழலும் உருளை, அதைச் சுற்றி நிற்கும் வெளி, நடுவில் ஒன்றோடொன்று வழுக்கும் இடைமுகம். 52 லட்சம் செல். முன் விளிம்பில் செல் 0.3 மில்லிமீட்டர், பிளேடின் மேல் முதல் அடுக்கு 0.1 மில்லிமீட்டர். காலப்படி, புரொப்பல்லர் கால் டிகிரி திரும்பும் நேரம், அதாவது 0.07 மில்லி விநாடி. உள்வரும் எல்லையில் படகின் பின்னால் கிடைத்த வேகப்பரப்பு.

தொடக்கத்தில் ஒரு உபாயம். முதல் சில சுற்றுகளுக்கு ஆவியழுத்தத்தை மைனஸ் பத்து லட்சம் பாஸ்கல் என்று வைத்து ஆவி பிறக்கவே விடாமல் ஓட்டி, ஓட்டம் நிலைப்பட்டதும் படிப்படியாக 4200க்கு ஏற்றினேன். எடுத்த எடுப்பில் 4200 வைத்தால், நின்ற நீரில் திடீரென்று சுழலும் பிளேடைச் சுற்றி ஆவி வெடித்து, அழுத்தச் சமன்பாடு குவியாமல் தறிகெட்டு ஓடும்.

ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 18 மணி நேரம். கடலில் அது பத்தில் ஒரு விநாடி. அதுவும் கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இன்வெர்ட்டர் வீட்டு விசிறிக்கே மூச்சு வாங்கும். ஐந்து டிகிரிக்கு ஒரு தடவை நிலையைச் சேமித்து, கடைசி நேரத்திலிருந்து தானாகத் தொடரும்படி அமைத்துவிட்டேன். கடற்கரை வீட்டில் கணினி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், மின்தடையை விட உப்புக்காற்று பெரிய எதிரி. கேபினட்டின் காற்றுவாயில் துணி கட்டி, வாரம் ஒரு தடவை அதை மாற்ற வேண்டியிருக்கிறது.

முடிவுகளைப் பாராவியூவில் திறந்தால் ஆவித்தகடு அழகாகத் தெரியும். பிளேடு பதினொரு மணி நிலைக்கு வரும்போது முன் விளிம்பில் வெள்ளைக் கோடாகப் பிறந்து, பன்னிரண்டைத் தாண்டும்போது முதுகில் பாதிக்கு மேல் பரவி, ஒரு மணி நிலையில் வால் சுருண்டு அறுந்து, இரண்டுக்குள் மறைந்துவிடுகிறது. சித்தப்பாவுக்குக் காட்டினேன். "சரிடா, வெள்ளையா இருக்குற எடமெல்லாம் குழி விழணுமே. இங்கிட்டு ஏன் விழல?" என்று முன் விளிம்பைத் தொட்டுக் கேட்டார்.

கேட்க வேண்டிய கேள்வி. ஆவி மூடிக்கிடக்கும் இடத்தில் உலோகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. சொல்லப்போனால் அது மெத்தை. ஆவி செத்து மறையும் இடத்தில்தான் அடி. ஆகவே ஆவியின் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பிளேடை ஒட்டிய செல்களில் ஆவியின் பங்கு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை மட்டும் ஒவ்வொரு காலப்படியிலும் கூட்டிக்கொண்டே போகும் ஒரு சின்ன நிரல் எழுதிச் சால்வரோடு கோத்துவிட்டேன். கூட்டலில் வளர்ச்சி சேராது, தேய்வு மட்டும்தான்.

நொறுங்கும்போது வரும் அழுத்தத்தை நேரடியாகவே எடுத்தால் என்ன என்று கேட்கலாம். முதலில் சொன்ன 0.09 மில்லி விநாடியை இங்கே நினைவில் கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் குமிழியின் மரணமே என் காலப்படியின் அளவுதான். போதாததற்கு இந்த சால்வரில் நீர் சுருங்காப் பாய்மம், அதிர்ச்சி அலை அதில் பிறக்கவே பிறக்காது. எனவே அது காட்டும் உச்ச அழுத்தம், செல்லை மாற்றினால் மாறும், காலப்படியை மாற்றினால் மாறும், ஒரு மதிப்பும் கிடையாது. எங்கே என்று கேட்டால் நம்பலாம், எவ்வளவு என்று கேட்டால் நம்பக் கூடாது. தோராயமாக ஆற்றல் கணக்குப் போடலாம். ஆவியின் கன அளவைச் சுற்றியுள்ள அழுத்த வித்தியாசத்தால் பெருக்கினால் ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்தில் ஒரு ஜூல். நல்ல பிளேடு ஒன்றில் உச்சத்தில் 38 கன சென்டிமீட்டர் ஆவி, அதாவது 4 ஜூல். விநாடிக்குப் பத்துத் தடவை என்றால் 40 வாட். நிமிர்த்திய பிளேடில் 61 கன சென்டிமீட்டர், 64 வாட். எல்லாம் உலோகத்துக்குள் இறங்குவதில்லை, பெரும்பகுதி நீரில் சத்தமாகக் கரைந்துவிடும். ஆனால் உள்ளங்கை அகலத்தில் இராப்பகலாகச் சுத்தியலடி விழுந்தால் பித்தளை எத்தனை மாதம் தாங்கும்?

கூட்டலின் படத்தைக் குழியோடு ஒப்பிட ட்ரேசிங் பேப்பரைப் பிளேடின் முதுகில் ஒட்டி, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தேன். குழி இருந்த இடமெல்லாம் வெள்ளையாக, விளிம்புகள் கறுப்பாக விழுந்தன. கணினிப் படத்தை ஒன்றுக்கு ஒன்று அளவில் அச்செடுத்து மேலே போட்டு, ஜன்னலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தோம். ஆரத்தில் 80 முதல் 90 சதவீதம் வரை, முன் விளிம்பிலிருந்து அறுபது சதவீதத்தைத் தாண்டி, இரண்டு திட்டுகளும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. நுனியோரத்தில் மட்டும் கணினி காட்டியதை விட நிஜக்குழி ஒரு விரல் வெளியே நீண்டிருந்தது. அங்கே பிளேடின் நுனியிலிருந்து முறுக்கிக்கொண்டு ஓடும் நுனிச்சுழல் இருக்கிறது. அதைப் பிடிக்க வேண்டிய மெல்லிய செல்களுக்கு என் நினைவகம் இடம் தரவில்லை.

நுண்கரு எண்ணிக்கையைப் பத்து மடங்கு கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். பாக் விரிகுடாத் தண்ணீர் எப்போதும் கலங்கலானது, கரு நிறைய இருக்கும் என்ற எண்ணத்தில். உச்ச ஆவி ஐந்து சதவீதம்தான் அசைந்தது. முன் விளிம்பின் செல்லை இரட்டிப்பாகப் பருமனாக்கியபோது மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனது. எந்த மாதிரி சிறந்தது, குன்ஸா, மெர்க்கிளா, ஷ்னெர்-சாவரா என்ற சண்டையில் செலவிடும் நேரத்தை முன் விளிம்பு வலைக்குக் கொடுத்துவிடலாம்.

சித்தப்பா ஆரம்பத்திலிருந்தே மடி (இழுவலை) இழுப்பதுதான் புரொப்பல்லரைக் கெடுக்கிறது என்று நம்பினார். பாரம் அதிகம், படகு நகராது, இன்ஜின் உறுமும். அதையும் ஓட்டிப் பார்த்தேன். இரண்டரை நாட் வேகம், தண்டு விநாடிக்கு 8 சுற்று. சுற்று குறைந்ததால் ஆரத்தின் 70 சதவீதத்தில் கேவிடேஷன் எண் 0.52இலிருந்து ஏறக்குறைய 0.8க்கு ஏறிவிடுகிறது. அது சுற்றின் வர்க்கத்தில் போவது. ஆனாலும் பாரத்தால் தாக்குகோணம் பெரிது, ஆவி இருக்கத்தான் செய்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆவி பிளேடு எங்கே போனாலும் கூடவே போனது. உச்சம் 24 கன சென்டிமீட்டர், குறைந்தபட்சம் 17. படகே மெல்லப் போவதால் கட்டைக்குப் பின்னால் தண்ணீர் செத்திருந்தாலும் மற்ற இடத்துக்கும் அதற்கும் வித்தியாசம் சின்னது. முழு வேக ஓட்டத்திலோ 38இலிருந்து கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு விழுகிறது. கூட்டல் படத்தில் மடி இழுப்பு வெளிறிக் கிடந்தது, ஓட்டம் சிவந்து எரிந்தது. குழி விழுவது மீன் பிடிக்கும்போது இல்லை. பிடித்த மீனை ஏலத்துக்கு முந்திக்கொண்டு கொண்டுவர முழு வேகத்தில் கரைக்கு ஓடும்போது.

"அப்ப மெதுவா வரச் சொல்றியா? இறாலு வெல எறங்கிட்டா நீ குடுப்பியா?"

சொல்லவில்லை. 1800ஐ 1650 ஆக்கினால் உச்ச ஆவி பாதியாவதைக் காட்டினேன், அவர் காட்டியதைப் பார்த்ததோடு சரி. ஆகவே மரத்தைச் செதுக்குவதுதான் வழி என்று ஆனது.

பின்கட்டையை மாற்ற முடியாது. ஸ்டெர்ன் டியூப் உள்ளே ஓடுவதால் நடுவில் கனத்தைக் குறைக்கவும் முடியாது. டியூபுக்கு மேலேயும் கீழேயும் உள்ள பகுதியை மட்டும், பின்முகத்திலிருந்து முன்னோக்கி ஓர் அடி தூரத்துக்கு இரு பக்கமும் சரித்து, எட்டு அங்குலத்தை இரண்டு அங்குலமாக்குவது என்று கணினியில் செய்து பார்த்தேன். பன்னிரண்டு மணி நிலையில் நீர்வேகம் 1.2இலிருந்து 2.0க்கு ஏறியது. கோணத்தின் எகிறல் ஐந்தரையிலிருந்து மூன்றாக இறங்கியது. மூன்றாவது பிளேடையும் 25 அங்குலத்துக்குத் திருத்திச் சேர்த்தால் உச்ச ஆவி எல்லாப் பிளேடிலும் 17 கன சென்டிமீட்டர்.

படகுத் தச்சரான ஓடாவியிடம் கணினிப் படம் எடுபடவில்லை. ஒட்டுப்பலகையில் சரிவின் வார்ப்பு வெட்டிக் கொடுத்ததும் வாங்கிப் பார்த்துவிட்டு, "வள்ளத்துக்கெல்லாம் இப்படித்தான் வழிச்சு விடுவோம். இஞ்சின் வந்த பிறகு யாரு கேக்குறா," என்று வாச்சியை எடுத்தார். கட்டையின் மேல்பகுதியில் பழைய ஆணி வரிசை ஒன்று குறுக்கே வந்ததால் அங்கே மட்டும் இரண்டு அங்குலத்துக்குப் பதில் இரண்டே முக்காலில் நிறுத்தினார். அந்த அளவை மாதிரியில் திருத்தி ஓட்டினேன், 17 என்பது 20 ஆனது. போகட்டும்.

பிளேடைத் திருத்துவது பட்டறையில். சூடேற்றித் திருகும்போது நுனி மட்டும் திரும்பி அடி அப்படியே நிற்கும், ஆகவே 230, 320, 410 மில்லிமீட்டர் என்று மூன்று ஆரத்திலும் ஊசி வைத்துப் பார்த்தே விட வேண்டும் என்று அலுமினியச் சட்டத்தோடு போய் நின்றேன். பட்டறைக்காரருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சட்டத்தைத் திருப்பிக் கேட்டபோது தரவும் மனமில்லை. குழிகளை வெல்டால் நிரப்பித் தேய்க்கும்போது முன் விளிம்பின் பக்கம் அரைப்பான் போகாமல் பார்த்துக்கொண்டேன். அந்த ஒன்றரை மில்லிமீட்டர் வளைவைக் கூர்மையாக்கிவிட்டால் இதுவரை செய்ததெல்லாம் வீண்.

தடை முடிந்து படகு இறங்கியதும் ஸ்டெர்னில் நின்று காதைக் கொடுத்தேன். முன்பு 1800இல் பலகை வழியே வந்த சரளைக்கல் உரசும் ஓசை தணிந்திருக்கிறது, 1800ஐத் தாண்டினால் லேசாகத் தலைகாட்டுகிறது. சத்தம் சாட்சி ஆகாது, உலோகம்தான் சொல்ல வேண்டும். பளபளப்பாக்கிய மூன்று பிளேடின் முதுகிலும் நீலச் சாயம் பூசி விட்டிருக்கிறோம். சாயம் எங்கே முதலில் உரிகிறது என்று அடுத்த கரையேற்றத்தில் அதே ட்ரேசிங் பேப்பரை வைத்துப் பார்க்கலாம். அதற்குள் நுனிச்சுழலுக்குத் தனியாகச் செல் வைத்து, சுருங்கும் பாய்மமாகக் கணக்கிடும் சால்வரில் ஒரு பிளேடையாவது ஓட்ட நினைவகத்தை இரட்டிப்பாக்க வேண்டும்.